முப்பது வருஷமா, தொண்ணூத்தி மூணுலேர்ந்தா?

விழுப்புரம், திண்டிவனம் கடைத்தெருக்களில் பெயர்ப்பலகைகளை வாசித்தபடி நடந்தால் ‘சின்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல் கண்ணில் படாமல் போகாது. தொடங்கிய ஆண்டுக்கு முன்னால் அதைப் போட்டால்தான் பிரியாணிக் கடைக்கும் மரியாதை! பலகையில் அது சரியாகவே நிற்கிறது. வாயில் வரும்போதுதான் ‘சின்ஸ் டென் இயர்ஸ்’ ஆகிவிடுகிறது.

‘சின்ஸ்’ தொடங்கிய புள்ளியைக் காட்டும். ‘ஃபார்’ காலத்தின் நீளத்தை அளக்கும். தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்து விழுப்புரம் தனி மாவட்டமானது 1993 செப்டம்பர் 30இல். எனவே ‘சின்ஸ் 1993’, முழு எண்ணாகச் சொன்னால் ‘ஃபார் தர்ட்டி இயர்ஸ்’. வகுப்பில் இதை விதியாக உருப்போட வைக்கிறார்கள். விடை பிள்ளையின் நாவிலேயே இருக்கிறது என்பதைச் சொல்வார் இல்லை. ‘தொண்ணூத்தி மூணுலேர்ந்து தனி மாவட்டம்’, ‘முப்பது வருஷமா தனி மாவட்டம்.’ இதைத் திருப்பி ‘தொண்ணூத்தி மூணா’ என்று எந்தப் பிள்ளையும் சொல்லாது. ‘ரெண்டு நாள்லேர்ந்து காய்ச்சல்’ என்பவர்கள் உண்டுதான். ஆனாலும் ‘ரெண்டு நாளா’ என்பதே முந்திக்கொண்டு வரும்.

இந்திக்காரருக்கு இந்த வசதி இல்லை. புள்ளிக்கும் நீளத்துக்கும் அவரிடம் இருப்பது ஒரே ‘ஸே’. ஜெர்மானியருக்கும் ஒரே ‘ஸைட்’. அவர்கள் தடுமாறினால் நியாயம் இருக்கிறது.

தமிழ்ப் பிள்ளைக்கு உண்மையான வழுக்கல் வேறு இடத்தில். மாவட்டம் இன்றும் ‘இருக்கிறது’ என்று தமிழ் நிகழ்காலத்திலேயே சொல்லும். அதே பழக்கத்தில் ‘இஸ்’ வந்து விழுகிறது. ஆங்கிலம் கேட்பதோ ‘ஹேஸ் பீன்’. அடுத்தது ‘இருந்து’. திண்டிவனத்திலிருந்து பஸ், நாளையிலிருந்து பள்ளி, 1993இலிருந்து மாவட்டம் என மூன்றுக்கும் தமிழில் அது ஒன்றே போதும். ஆங்கிலத்தில் முதல் இரண்டுக்கும் ‘ஃப்ரம்’. கடந்த காலத்தில் தொடங்கி இன்றுவரை நீள்வதற்கு ‘சின்ஸ்’. நாளையைப் பார்க்க அதற்குக் கண் கிடையாது.

தமிழ் ஆங்கிலத்தைவிட நுட்பமாகப் பிரிக்கும் இடமும் உண்டு. திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த ராமசாமி ரெட்டியார் 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் பிரதமர். இன்றைய கணக்கில் முதல்வர். முடிந்துபோன அந்த இரண்டு ஆண்டுக்கும் ஆங்கிலத்தில் ‘ஃபார்’தான், தொடரும் முப்பது ஆண்டுக்கும் ‘ஃபார்’தான். தமிழோ ‘ரெண்டு வருஷம் இருந்தார்’ என்று முடிந்ததையும், ‘முப்பது வருஷமா இருக்கு’ என்று தொடர்வதையும் ஒரே ஒரு ‘ஆ’வில் பிரித்துவிடுகிறது.

1968இல் சட்டமன்றம் இருமொழிக் கொள்கையை ஏற்றது முதல் அரசுப் பள்ளியில் தமிழும் ஆங்கிலமும் அருகருகே இருக்கின்றன. இலக்கணத்தில் மட்டும் ஒன்று மற்றொன்றின் முகத்தைப் பார்ப்பதில்லை. ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே கற்பிக்க வேண்டும் என்ற வாதம் பேச்சுப் பயிற்சிக்குப் பொருந்தலாம். இலக்கண விதிக்கும் அதையே பிடித்துக்கொள்வது வீண் பிடிவாதம். தொடக்க வகுப்புகளில் இரண்டு பாடத்தையும் பெரும்பாலும் ஒரே ஆசிரியர்தான் நடத்துகிறார். ‘சின்ஸ்’ பக்கத்தில் ‘லேர்ந்து’, ‘ஃபார்’ பக்கத்தில் ‘வருஷமா’ என்று கரும்பலகையில் எழுதிப்போட அவருக்கு அரசாணை எதுவும் தேவையில்லை.