அர்னால்டுக்கே 'நோ' சொன்னாங்க!

அட்டெண்டன்ஸ் கணக்கு போட்டே பாதி செமஸ்டரை ஓட்டுற கட்சியா நீங்க? அப்ப இந்த மேட்டர் உங்களுக்குத்தான். யுனிவர்சிட்டி 75 சதவீதம் போதும்னு சொல்லுது. எங்க ஹெச்.ஓ.டி.யோ 85 கேட்கிறார். 'மேல இருக்கிறவங்களே விட்டுட்டாங்க, இவருக்கென்ன?'னு கேன்டீன்ல ஒரே புலம்பல். அமெரிக்காவிலும் இதே சண்டைதான். அங்கே அட்டெண்டன்ஸுக்குப் பதில் கார் புகை!

லாஸ் ஏஞ்சல்ஸைச் சுற்றி மலை. நடுவில் லட்சக்கணக்கான கார்கள். புகை வெளியே போக வழியில்லை. கார் புகையில் வெயில் பட்டுத்தான் கண்ணெரிய வைக்கிற மூட்டம் உருவாகுதுன்னு 1950-களில் கண்டுபிடிச்சவர் ஹாகன்-ஸ்மிட் என்கிற வேதியியல் பேராசிரியர். 1966-ல் அந்த நாட்டிலேயே முதன்முதலா கார் புகைக்கு அளவு வெச்சது கலிஃபோர்னியா மாநிலம். மத்திய அரசின் அளவு 1968 மாடல் கார்களுக்குத்தான் வந்தது.

'மாநிலத்துக்கு ஒரு விதின்னா 50 வகை கார் செய்யணுமா?'ன்னு கம்பெனிகள் பதறின. நியாயமான கேள்விதான். நாளைக்கு அந்த டிசைன் டேபிள்ல உட்காரப் போறது நாமதானே! அதனால 1967-ல் ஒரு சமரசம். மத்திய அரசின் அளவு எல்லாருக்கும் பொது. கலிஃபோர்னியா மட்டும் அனுமதி வாங்கி, அதைவிடக் கடுமையா வெச்சுக்கலாம். மற்ற மாநிலங்கள் அதை அப்படியே காப்பியடிக்கலாம்னு 1977-ல் சேர்த்தாங்க. சொந்தமா மூணாவதா ஒண்ணு போட முடியாது.

சிக்கலே அந்த 'அனுமதி'யில்தான். கார்களின் கார்பன் டை ஆக்ஸைடைக் குறைக்க கவர்னர் அர்னால்டு (நம்ம டெர்மினேட்டரேதான்!) அரசு அனுமதி கேட்டப்ப, 2007 டிசம்பரில் புஷ் அரசு 'நோ' சொல்லிடுச்சு. இத்தனைக்கும் ரெண்டு பேரும் ஒரே கட்சி. 2009-ல் ஒபாமா அரசு கொடுத்தது. 2019-ல் டிரம்ப் அரசு பறிச்சது. 2022-ல் பைடன் அரசு திருப்பிக் கொடுத்தது. பெட்ரோலில் மட்டும் ஓடும் புது கார் விற்பனையை 2035-க்குள் நிறுத்தும் திட்டத்துக்குக் கிடைச்ச அனுமதியை 2025-ல் நாடாளுமன்றம் ரத்து செய்ய, டிரம்ப் கையெழுத்துப் போட்டார். கலிஃபோர்னியா கோர்ட் படியேறியது.

எனக்கு என்ன தோணுதுன்னா, குறைந்தபட்ச அளவை மத்திய அரசுதான் வைக்கணும். காத்துக்கு செக்போஸ்ட் கிடையாதே! ஆனா, 'எங்களுக்கு இது பத்தாது'ன்னு சொல்ற உரிமை அந்தக் காத்தை சுவாசிக்கிறவங்களுக்கு வேணும். நாற்காலியில் ஆள் மாறும்போதெல்லாம் விதி மாறினா, கார் டிசைன் பண்றவனுக்கும் நிம்மதி இல்லை, நுரையீரலுக்கும் நிம்மதி இல்லை.

அதனால, 85 கேட்கிற ஹெச்.ஓ.டி.யைத் திட்டுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்... சரி சரி, முறைக்காதீங்க பாஸ்!