விஷத்தை மருந்து என்று சொல்லாதீர்கள்



நேற்று குன்னம் பக்கம் மருமகன் ஒருவரின் கொல்லைக்குப் போயிருந்தேன். மக்காச்சோளம் விதைத்து 30 நாள்கூட ஆகவில்லை, அதற்குள் மூன்றாவது மருந்தடிப்பு. ஏன் என்றேன். "படைப்புழு மாமா, கடைக்காரர் அடிக்கச் சொன்னார்" என்றார்.

முதலில் அந்தச் சொல்லை விடுங்கள். அது மருந்து இல்லை, விஷம். 2017-இல் நம் பெரம்பலூர் மாவட்டத்தில் பருத்திக்கு அடிக்கப் போனவர்கள் செத்தது மறந்துவிட்டதா? மறுவருடமே படைப்புழு வந்தது. அதே தெளிப்பானை மறுபடி தோளில் மாட்டிக்கொண்டோம்.

வேறு வழி இல்லையா? இருக்கிறது. நூற்புழு என்றால் வேரைக் கெடுப்பது என்றுதான் நானும் வகுப்பில் நடத்தினேன். பாதிப் பாடம் நடத்தியது என் தப்பு. பூச்சியைக் கொல்லும் நூற்புழுவும் உண்டு. ஹெட்டரோராப்டிடிஸ் இண்டிகா என்ற இனம் நம் கோயம்புத்தூரில் கண்டெடுக்கப்பட்டு, 1992-இல் பெயர் பெற்றது. கண்ணுக்குத் தெரியாத இந்த உயிர், புழுவின் வாய், மூச்சுத்துளை வழியாக உள்ளே நுழைந்து, தன்னிடமுள்ள பாக்டீரியாவை விடும். இரண்டு நாளில் புழு செத்துச் செங்கல் நிறமாகும். அந்த உடலிலேயே பெருகி அடுத்த புழுவைத் தேடும். தெளிப்பவருக்கோ ஆடுமாடுகளுக்கோ கெடுதல் இல்லை.

"வெயிலில் செத்துப்போகுமே சார்" என்றார் வேளாண்மை படித்த என் மாணவர். உண்மை. அதனால்தான் சாயங்காலம், ஈரம் இருக்கும்போது, குருத்துக்குள் விழும்படி தெளிக்க வேண்டும். படைப்புழு ஒளிவதும் அந்தக் குருத்தில்தானே? கூட்டுப்புழுவாக அது இறங்குவதும் மண்ணுக்குத்தான். மண்தான் இந்த நூற்புழுவின் வீடு.

பெங்களூரில் உள்ள மத்திய அரசின் பூச்சி ஆராய்ச்சி நிறுவனம் இதைத் தூளாகவே தயாரித்துவிட்டது. ஆனால் நான் ஏறி இறங்கிய நான்கு கடைகளில் பெயர்கூடத் தெரியவில்லை. கோயம்புத்தூரில் கிடைத்தது பெரம்பலூர் வந்து சேர முப்பது வருடம் போதாதா?

கடை வைத்திருக்கும் என் மாணவர்களே, கோபம் வேண்டாம். யாரும் கேட்காததை நீங்கள் வாங்கி வைக்க முடியாதுதான். உயிருள்ள பொருள், சூட்டில் கிடந்தால் வீணாகும். அதனால் ஒவ்வொரு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலும் பக்குவமாக வைத்து, மானியத்தில் கொடுக்க வேண்டியது அரசு. வேளாண் துறையில் இருக்கும் பிள்ளைகளே, இதைக் கோப்பில் எழுதுங்கள்.

விவசாயம் பார்க்கும் உறவுகளே, வாலிகண்டபுரத்திலும் சோழமாதேவியிலும் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. அடுத்த விதைப்புக்கு முன் போய்க் கேளுங்கள். ஒருவர் கேட்டால் பதில் வராது. ஊரே கேட்டால் வரும்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்