படம் பிடித்த ஜனங்கள், மாட்டிய போலீஸ்!

சிக்னலில் நிற்காமல் ஒருவன் பறந்தால், "போலீஸ் எங்கேய்யா போச்சு?" என்று புலம்புவதோடு நம் வேலை முடிந்துவிடும். டெல்லிக்காரர்கள் புலம்பவில்லை. செல்போனை எடுத்தார்கள்.

காமன்வெல்த் போட்டி நெருங்கிய 2010-ம் ஆண்டு அது. டெல்லி போக்குவரத்து போலீசார் 'பேஸ்புக்'கில் ஒரு பக்கம் திறந்தனர். சில மாதங்களுக்குள் சுமார் 3 ஆயிரம் படங்கள் குவிந்தன. ஹெல்மெட் போடாதவர், கண்ட இடத்தில் காரை நிறுத்தியவர் என எல்லோரும் நம்பர் பிளேட்டோடு சிக்கினர்! 600-க்கும் மேற்பட்ட அபராத நோட்டீசுகள் பறந்தன.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? விதியை மீறிய போலீசாரின் படங்களும் அதே பக்கத்தில் வந்து விழுந்தன. போலீஸ்காரர் மீது புகார் என்றால், வழக்கமாக இன்னொரு போலீஸ்காரரிடம்தான் போய் நிற்க வேண்டும். இங்கே ஊரே பார்த்துவிட்டது. அப்புறம் எப்படி மூடி மறைப்பது?

வில்லங்கமும் இல்லாமல் இல்லை. நம்பர் பிளேட் வண்டியின் சொந்தக்காரரைத்தான் காட்டும். ஓட்டியது மைத்துனன் என்றால்? பகையாளி படம் பிடித்துப் போட்டால்? ஆளுக்கு ஆள் உளவு பார்ப்பதா என்று அப்போதே சிலர் முணுமுணுத்தனர். நோட்டீஸ் தவறென்றால் ஆட்சேபிக்கலாம் என்றது போலீஸ். படம் பிடிப்பது மட்டும் நிற்கவில்லை.