பல்லிக்குத் திசை கேட்கிறோம், பெல்ட்டுக்குக் கேட்பதில்லை

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு வருகிறவர்கள் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொடாமல் ஊர் திரும்புவதில்லை. அந்தக் கோயிலின் காற்று படுகிற தூரத்தில் வாழும் எங்களுக்குப் பல்லிச் சத்தம் என்றாலே காது நிமிர்ந்துகொள்ளும். முசரவாக்கத்தில் என் பாட்டியிடம் போய்ப் பல்லி கத்தியது என்று சொன்னால், “எந்தப் பக்கம்?” என்றுதான் முதலில் கேட்பார். திசை தெரியாமல் பலன் சொல்ல மாட்டார்.

கார் கத்தினால் மட்டும் இந்த ஊரில் எவரும் திசை கேட்பதில்லை. பானட்டுக்குள்ளிருந்து ‘கிரீச்’ என்று ஒரு சத்தம் எழுந்தால் போதும். தேநீர்க் கடை பெஞ்சிலிருந்து தீர்ப்பு வந்துவிடும்: “டைமிங் பெல்ட்டு போயிடுச்சு சார், உடனே மாத்துங்க.” முகூர்த்தப் புடவை எடுக்க வெளியூரிலிருந்து வந்தவராக இருந்தால் முகம் வெளிறிப் போவார். பக்கத்திலேயே ஒரு பட்டறை இருந்தால் அன்றைக்கு அங்கே வருமானம்.

இந்த நம்பிக்கை தவறு. கொஞ்சம் பிசகிய தவறும் அல்ல, தலைகீழான தவறு. கத்துகிற பெல்ட் பெரும்பாலும் டைமிங் பெல்ட் அல்ல. டைமிங் பெல்ட் போகிறபோது பெரும்பாலும் கத்துவதில்லை.

காரணம் எளிது. டைமிங் பெல்ட்டின் உட்பக்கம் குறுக்கே வரிசையாகப் பற்கள் இருக்கும். எதிரே உள்ள சக்கரத்திலும் பற்கள். பல்லோடு பல் பொருந்தி ஓடுவதால் வழுக்க வழியில்லை. வழுக்கல் இல்லாத இடத்தில் கிரீச்சும் இல்லை. அது பிறந்ததே வழுக்கக் கூடாது என்பதற்காகத்தான். 1940-களில் தையல் இயந்திரத்தில் ஊசியும் பாபினும் தாளம் தப்பாமல் ஓட வேண்டும் என்று உருவான பல் பெல்ட்டின் வாரிசு இது. 1960-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் கிளாஸ் 1004 கார் அதை என்ஜினுக்குள் கொண்டுவந்தது.

கத்துவது அதன் பக்கத்து வீட்டுக்காரர். ஃபேன் பெல்ட், டைனமோ பெல்ட், ஏசி பெல்ட் என்று வண்டிக்கு வண்டி பெயர் மாறும். குறுக்கே பல் கிடையாது. வழவழப்பாகவோ நீளவாக்கில் வரி வரியாகவோ இருக்கும். வெறும் உராய்வை நம்பி ஆல்டர்னேட்டரையும் ஏசி கம்ப்ரஸரையும் சுழற்றுவது இதுதான். பிடி தளர்ந்தால் ரப்பர் புல்லி மேல் பிடித்து, வழுக்கி, மறுபடி பிடிக்கும். அந்தத் துடிப்புதான் காதைக் கிழிக்கிறது.

சத்தம் எப்போது வருகிறது என்று ஒரு முறை யோசித்துப் பாருங்கள். மார்கழிக் காலையில் முதல் ஸ்டார்ட்டில். மழை பெய்து பெல்ட் நனைந்த பிறகு. ஏசி பொத்தானை அழுத்திய நொடியில். பழைய ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது. ஒவ்வொன்றிலும் ஆல்டர்னேட்டர், கம்ப்ரஸர், ஸ்டியரிங் பம்ப் ஆகியவற்றில் ஏதோ ஒன்றின் சுமை ஏறுகிறது அல்லது பெல்ட்டின் பிடி குறைகிறது. ஏசி போட்டால் கத்துகிறது, அணைத்தால் நிற்கிறது என்று சொல்லிக்கொண்டே டைமிங் பெல்ட்டை மாற்றச் சம்மதிப்பவரை என்னவென்று சொல்வது? நானும் அப்படிச் சம்மதித்தவன்தான். ஐந்து இலக்கத்தில் பணம் கட்டி, புது டைமிங் பெல்ட்டோடு வீடு வந்தேன். மறுநாள் காலை அதே ‘கிரீச்’ என்னை வரவேற்றது. பட்டறைக்காரர் அசரவில்லை. “புது பெல்ட்டு சார், பழகணும்” என்றார். கடைசியில் குணமானது ஆல்டர்னேட்டர் பெல்ட்டைக் கொஞ்சம் இறுக்கியதில். அதற்கு அவர் காசு வாங்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பட்டறைக்காரர்கள் எல்லாரும் ஏமாற்றுகிறார்கள் என்பதல்ல என் வாதம். நீண்ட ஸ்க்ரூட்ரைவரின் நுனியை ஒவ்வொரு பேரிங்கின் உறை மேலும் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டி, டாக்டர் மாதிரிக் கேட்டுச் சொல்லும் மெக்கானிக்குகளைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் திசை கேட்கிறவர்கள். என் சண்டை கேட்காமல் சொல்கிறவர்களோடு. அதைவிட, அவர்கள் சொல்வதற்கு முன்பே “டைமிங் பெல்ட்டா பாருங்க” என்று வாயைக் கொடுக்கும் நம்மோடு.

கேட்பதற்கு வழி இருக்கிறது. என்ஜின் ஓடும்போது பெல்ட்டின் வரிப் பக்கத்தில் கொஞ்சம் தண்ணீரைப் பீய்ச்சிப் பார்ப்பார்கள். சேலை முந்தானை, துண்டு, கைவிரல் எதுவும் அருகில் போகக் கூடாது. தண்ணீர் பட்டதும் சத்தம் அடங்கி, காய்ந்ததும் திரும்பி வந்தால் புல்லிகள் ஒரே நேர்க்கோட்டில் இல்லை என்று சந்தேகிக்கலாம். தண்ணீர் பட்டதும் சத்தம் கூடினால் பெல்ட்டில் இழுவிசை போதவில்லை. இன்னும் உறுதி வேண்டுமென்றால், மெக்கானிக் அந்த வெளிப் பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சில விநாடிகள் மட்டும் என்ஜினை ஓட்டுவார். பல வண்டிகளில் வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில் ஓடுவதால் அதற்கு மேல் ஓட்டக் கூடாது. சத்தம் மறைந்துவிட்டால் டைமிங் பெல்ட் குற்றமற்றவர்.

சோப்புத் துண்டு, டால்கம் பவுடர், தேங்காய் எண்ணெய் என்று நம் கைவைத்தியம் வேறு. பாட்டி வைத்தியத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் எந்தப் பாட்டியும் ரப்பருக்கு எண்ணெய் தேய்க்கச் சொன்னதில்லை. எண்ணெய் பட்ட ரப்பர் ஊறி மிருதுவாகி இன்னும் அதிகமாக வழுக்கும். எண்ணெயிலேயே மூழ்கி ஓடும் டைமிங் பெல்ட்டும் இருக்கிறதே என்று கேட்பீர்கள். மறைமலை நகரில் தயாரான ஈகோஸ்போர்ட்டின் 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட் என்ஜினில் இருந்தது. அது அதற்கென்றே செய்த ரப்பர். அதுவும் சரியான ஆயில் இல்லாவிட்டால் உதிர்ந்துவிடும்.

ஒரு விலக்கை ஒப்புக்கொள்கிறேன். டைமிங் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வழிநடத்தும் ஐட்லர், சில வண்டிகளில் அதே பெல்ட்டில் சுழலும் வாட்டர் பம்ப் ஆகியவற்றின் பேரிங் தேய்ந்தால் சத்தம் வரும். அது பெரும்பாலும் கிரீச் அல்ல. என்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் உறுமல் அல்லது ஊளை. அதை அலட்சியம் செய்யக் கூடாது. பேரிங் இறுகினால் பெல்ட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

வேடிக்கை என்னவென்றால், பெஞ்சுத் தீர்ப்பு வாங்கும் வண்டிகளில் பலவற்றில் டைமிங் பெல்ட்டே கிடையாது. ஸ்விஃப்ட்டின் பழைய 1.3 டீசலிலும் மாருதியின் கே வரிசைப் பெட்ரோல் என்ஜின்களிலும் இருப்பது சங்கிலி. அம்பாசடரின் பழைய பெட்ரோல் என்ஜினிலும் சங்கிலிதான். சங்கிலி தளர்ந்தால் கிலுகிலுப்பை மாதிரி சலசலக்கும், கிரீச்சிடாது. மாருதி 800, பழைய சான்ட்ரோ, இண்டிகா டீசல், முதல் தலைமுறை இன்னோவா டீசல், ஒரகடத்தில் உருவான மைக்ரா, டஸ்டர் ஆகியவற்றின் 1.5 டீசல் போன்றவற்றில்தான் பெல்ட்.

பணம் வீணாவதோடு இந்த நம்பிக்கை நின்றிருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். அதன் மறுபக்கம்தான் ஆபத்தானது. கத்தினால் டைமிங் பெல்ட் போச்சு என்று நம்புகிறவர், கத்தவில்லை என்றால் டைமிங் பெல்ட் நன்றாக இருக்கிறது என்றும் நம்புகிறார்.

என் தாய்மாமன் அப்படித்தான் நம்பினார். பழைய டீசல் கார். எப்போது கேட்டாலும், “சத்தமே இல்லடா மாப்ள, பட்டு மாதிரி ஓடுது” என்பார். பெங்களூரு நெடுஞ்சாலையில், தாமல் ஏரி தாண்டும் முன், அந்தப் பட்டு அறுந்தது. முன்னறிவிப்பு எதுவும் இல்லை. ஒரு ‘டக்’, அவ்வளவுதான். இழுவண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் ஹெட்டை இறக்கிப் பார்த்தால் வால்வுகள் வளைந்திருந்தன.

இதைத் தறிக்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. மிதியை அழுத்தினால் பாவு இரண்டாகப் பிரிந்து வழிவிடும். அந்த வழியில் நாடா பாயும். வழி திறக்கும் முன் நாடா பாய்ந்தால் இழைகள் அறும். என்ஜினிலும் அதே கதை. கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது கேம் ஒரு சுற்று. பிஸ்டன் மேலே வரும் நேரத்தில் வால்வு விலகியிருக்க வேண்டும். அந்த ஒப்பந்தத்தைக் காப்பது பெல்ட். அது அறுந்தால் கேம் நின்றுவிடும், பிஸ்டன் நிற்காது. எல்லா என்ஜின்களிலும் இரண்டும் மோதுவதில்லை. டீசல்களில் அநேகமாக மோதும். பாவு இழை அறுந்தால் பிணைத்துவிடலாம். வளைந்த வால்வுக்கு அந்த வசதி இல்லை.

ஆகவே டைமிங் பெல்ட்டைக் காதால் கண்காணிக்க முடியாது. கண்ணால் பார்ப்பதும் போதாது. இன்றைய செயற்கை ரப்பர் வெளியே வெடிப்புக் காட்டாமலே தேய்ந்துவிடும். கணக்கு ஒன்றுதான் வழி. பல நிறுவனங்கள் 60,000 முதல் 1,00,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கின்றன, பல கையேடுகள் ஆண்டுக் கெடுவும் வைக்கின்றன. “வண்டி ஷெட்டிலேயே நிக்குது, எதுக்கு மாத்தணும்?” என்று கேட்பவர்கள் உண்டு. நாற்பது ஆண்டு அனந்தசரஸ் குளத்துக்குள் இருந்துவிட்டு 2019-இல் எழுந்தருளிய அத்திவரதருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது உண்மைதான். ரப்பருக்கு அந்த வரம் கிடையாது.

அடுத்த முறை வண்டி கத்தினால் பானட்டைத் திறப்பதற்கு முன் டேஷ்போர்டு பெட்டியைத் திறந்து கையேட்டை எடுங்கள். உங்கள் என்ஜினில் இருப்பது பெல்ட்டா, சங்கிலியா, பெல்ட் என்றால் எத்தனை கிலோமீட்டர், எத்தனை ஆண்டு என்று பாருங்கள். கெடு தாண்டியிருந்தால் வண்டி கத்தாவிட்டாலும் மாற்றுங்கள். கெடு தாண்டவில்லை என்றால் பட்டறையில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “எந்தப் பக்கத்திலிருந்து வருது?” பதில் வராவிட்டால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.