கல்லுக்குப் பயந்து பாலை நிறுத்த வேண்டாம்



சிறுநீரகத்தில் கல் இருப்பதாக ஸ்கேன் அறிக்கை வந்ததும் வீட்டில் முதலில் நிறுத்தப்படுவது பால்தான். கல் என்றால் கல்சியம், பாலிலும் கல்சியம் என்பது பக்கத்து வீட்டு வைத்தியம். பாலுக்குப் பதிலாக இன்னுமொரு கோப்பை பிளேன்டீ. ஹட்டன் பக்கத்துக் குளிருக்கு அது இதமாகவும் இருக்கும். ஆனால் இரண்டுமே தவறு.

பெரும்பாலான கற்கள் கல்சியமும் ஒக்சலேற் என்ற பொருளும் சேர்ந்து உருவாகின்றவை. தேயிலை, பசளி, பீட்ரூட், நிலக்கடலை ஆகியவற்றில் ஒக்சலேற் உண்டு. சாப்பாட்டோடு பாலோ தயிரோ சேர்ந்தால், அதிலுள்ள கல்சியம் ஒக்சலேற்றைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு வெளியேற்றிவிடும். பால் இல்லாதபோது அது இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்குப் போகிறது. இத்தாலியில் கல் வந்த 120 ஆண்களை 5 வருடங்கள் கவனித்து 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்சியத்தைக் குறைத்த 60 பேரில் 23 பேருக்கு மீண்டும் கல் வந்தது. கல்சியத்தை வழமைபோல் எடுத்து, உப்பையும் இறைச்சியையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்கே வந்தது. மாடு வளர்த்துப் பாலை முழுக்க விற்றுவிட்டு வெறும் சாயத்தண்ணி குடிக்கும் குடும்பங்கள் ஒரு கோப்பையாவது வீட்டுக்கு எடுத்து வைக்கட்டும்.

அமெரிக்காவில் தினமும் 16 கிளாஸ் ஐஸ் தேநீர் குடித்த ஒருவரின் சிறுநீரகமே செயலிழந்ததாக 2015இல் மருத்துவ இதழொன்றில் செய்தி வந்தது. அதற்காக இரண்டு மூன்று கோப்பை குடிப்பவர் பயப்பட வேண்டியதில்லை. தேயிலை விளையும் ஊரில் தேநீரை விடச் சொன்னால் யார்தான் கேட்பார்கள்! பால் சேர்த்துக் குடியுங்கள், போதும்.

நம் பகுதியில் பெரிய குறை தண்ணீர்தான். குளிரில் தாகம் தெரிவதில்லை. கொழுந்து பறிக்கும் பெண்களோ மலையில் ஒதுங்க இடமில்லை என்பதற்காகவே வாயை நனைக்காமல் இருக்கிறார்கள். இது அவர்கள் குற்றமல்ல. மலையில் கழிப்பிடம் கட்டித் தர வேண்டியது தோட்ட நிர்வாகம். கடைத்தெருவில் நாள் முழுக்க நிற்கும் ஆண்களுக்கு அந்தச் சாக்கும் இல்லை. ஒரு நாளைக்கு இரண்டு முதல் இரண்டரை லீற்றர் சிறுநீர் போகுமளவு குடிக்க வேண்டும். சிறுநீர் வெளிர் நிறமாக இருந்தால் சரி. கொதித்தாறிய வெந்நீராகவே குடிக்கலாம்.

இனிச் சமையல். காலையில் ரொட்டியும் சம்பலும் என்றால் கூடவே பால் தேநீர். பகலில் சோறு, பருப்பு, கோவா அல்லது நோக்கோல். நெத்தலியைச் சுடுநீரில் ஊறவைத்து உப்பை இறக்கிய பின் சமையுங்கள். உப்பு கூடினால் சிறுநீரில் கல்சியமும் கூடும். கருவாடு, சூப் கட்டி, பக்கற் நூடில்ஸ் எல்லாம் இதே கணக்குத்தான். பசளி சமைத்தால் அவித்த நீரை ஊற்றிவிட்டு, தயிரோடு பரிமாறுங்கள். தேசிக்காய்ச் சாறு கல் சேர்வதைத் தடுக்கும், ஆனால் அதில் உப்புப் போடாதீர்கள். மாட்டிறைச்சி தினமும் வேண்டாம். சமைக்கும் நாளில் ஆளுக்கு இரண்டு மூன்று துண்டு போதும்.

நோன்பு காலத்தில் இப்தாரிலிருந்து ஸஹர் வரை தண்ணீரைப் பிரித்துப் பிரித்துக் குடிக்க வேண்டும். ஏற்கனவே கல் உள்ளவர்கள் றமழானுக்கு முன்பே வைத்தியரைக் கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு மேலே சொன்ன தண்ணீர்க் கணக்கும் உணவும் பொருந்தா.

இடுப்பு வலியோடு காய்ச்சலும் நடுக்கமும் வந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ கைமருந்து பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றே டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள்.