இரவல் கோப்பும் இரவல் மொழியும்

வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரை பாலாற்றை ஒட்டிய தோல் தொழில் ஊர்களில், ஒருவர் வாங்கிய தோலை வேறொருவரின் டேனரியில் கூலிக்குப் பதனிடக் கொடுப்பது வழக்கம். சுண்ணாம்புத் தொட்டிக்குள் மை நிற்காது. தோலில் துளையிட்டு வைக்கும் அடையாளமே நிற்கும். எத்தனை கை மாறினாலும் தோல் யாருடையது என்பதைச் சொல்வது அந்தத் துளைதான்.

கணினி உலகிலும் இதே சிக்கல் உண்டு. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984-இல் உருவாக்கிய என்.எஃப்.எஸ். என்னும் முறை, ஒரு கணினியிலுள்ள கோப்புகளைப் பிணையத்தின் வழியே மற்றக் கணினிகளும் தம்முடையவைபோலக் கையாள வழி செய்தது. கோப்புகளை வைத்திருப்பதை வழங்கி என்கிறோம். அந்த வழங்கியிடம் இரவல் பெற்ற கோப்புகளை இடையிலுள்ள ஒரு கணினி மூன்றாமவருக்கு மறுபடியும் வழங்க முற்படும்போது தொல்லை தொடங்குகிறது.

முதல் தொல்லை அடையாளம். ஒவ்வொரு கோப்புக்கும் வழங்கி ஒரு குறியீடு தருகிறது. இடைக்கணினி அதன்மேல் தன் குறியையும் சேர்த்தாக வேண்டும். ஆனால் 1995-இல் வெளியான மூன்றாம் பதிப்பில் குறியீடு 64 பைட்டுக்குமேல் நீளக் கூடாது. சிறு தோல்துண்டில் எத்தனை துளைதான் இட முடியும்?

இரண்டாவது தொல்லை வாக்குறுதி. ஒருவர் எழுதும் கோப்பில் இன்னொருவர் கைவைக்காதிருக்கப் பூட்டு உண்டு. வழங்கி விழுந்து எழுந்தால், பூட்டு வைத்திருந்தவர்கள் உரிமை கோரச் சிறிது அவகாசம் தரும். ஆனால் மூல வழங்கிக்குத் தெரிந்தவர் இடைக்காரர் ஒருவரே. அவருக்குப் பின்னால் நிற்பவர்களை அது அறியாது. இடைக்கணினி விழுந்து எழுந்தால், பழைய பூட்டுகளைக் கைவிட்ட பயனராகவே அதைக் கருதும். கடைசியில் நிற்பவரின் பூட்டு போனது போனதுதான்.

இலக்கிய வாசகருக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நம்மிடம் வந்துள்ள பிறநாட்டு இலக்கியத்தில் பெரும்பகுதி ஆங்கிலம் என்ற இடைக்கணினி வழியே வந்தது. ருஷ்ய மொழியில் நீ, நீங்கள் என்ற வேறுபாடு உண்டு, தமிழிலும் உண்டு, இடையில் நிற்கும் ஆங்கிலத்தில் இல்லை. ஒரு பாத்திரம் மரியாதையைக் கைவிட்டு நெருங்கும் கணம் மூலத்தில் ஒரு சொல்லில் நிகழ்கிறது. தமிழ் மொழிபெயர்ப்பாளரோ அதை ஊகித்தாக வேண்டும். இரு முனைகளிலும் இருக்கும் செல்வம் நடுவழியில் தொலைகிறது.

இதனால் வழிமொழிபெயர்ப்பே கூடாது என்று நாம் சொல்லவில்லை. அது இல்லையென்றால் நம் வாசிப்பு வறண்டிருக்கும். நம் குறை வேறு. லினக்ஸ் கருவகம் இந்த மறுவழங்கலை நெடுங்காலம் அனுமதிக்கவே இல்லை. அனுமதித்தபின்னும், இடைக்கணினி விழுந்தால் பூட்டுகள் மீளா என்று அதன் ஆவணமே வெளிப்படையாக எழுதிவைத்திருக்கிறது. நம் புத்தகங்களிலோ மூல ஆசிரியரின் பெயர் அட்டையில் மின்னும். எந்த ஆங்கிலப் பதிப்பிலிருந்து, யாருடைய மொழிபெயர்ப்பிலிருந்து பெயர்க்கப்பட்டது என்ற வரி பல நூல்களில் இருப்பதில்லை. உழைத்த ஆங்கில மொழிபெயர்ப்பாளர் மறைகிறார். பிழை எங்கே நேர்ந்தது என்று தேடவும் வழியில்லை.

பெயர் அழிவதன் வலியை இந்த ஊர்கள் அறியும். ஆவாரம்பட்டையில் பதனிட்ட சென்னை மாகாணத்துத் தோல், ‘கிழக்கிந்தியத் தோல்’ என்ற பொதுப்பெயரில் லண்டன் சந்தைக்குப் போனது. அங்கே மெருகேறிப் பொருளானபின், வாங்கியவருக்கு வாணியம்பாடி என்றோர் ஊர் இருப்பதே தெரிந்திருக்க நியாயமில்லை. 1970-களில் அரை பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்து, முழுதும் முடித்த தோலையும் காலணியையும் ஊக்குவித்த பிறகே நிலைமை மாறத் தொடங்கியது.

மூலமொழி கற்று நேரடியாகப் பெயர்ப்பவர்கள் பெருக வேண்டும், அதற்குக் காலமாகும். அதுவரை பதிப்பாளர்களிடம் நாம் கேட்பது, முகப்புப் பக்கத்தில் ஒரே ஒரு வரி. தோலில் இடும் துளைக்குச் செலவு அதிகமில்லை.