பத்து வெள்ளியில் வாங்கிய தோட்டம்

1957 மார்ச் 6-இல் ஆப்பிரிக்காவில் கானா விடுதலை அடைந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 31-இல் நம்ம மலாயா. இரண்டையும் ஆண்டவன் ஒரே வெள்ளைக்காரன். அங்கே கொக்கோ, இங்கே பால்மரம். விலையை லண்டன்காரன் சொல்வான். வெயிலில் காய்வது நாம்.

கானாவின் தலைவர் குவாமே என்குருமா பெரிய ஆள். பள்ளிக்கூடங்கள் திறந்தார், அக்கொசொம்போவில் அணை கட்டினார். மறுப்பதற்கில்லை. ஆனால் 1961-இல் தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு ஐந்தைக் கட்டாயச் சேமிப்பாகப் பிடிக்கச் சட்டம் போட்டார். நாட்டுக்காகத்தானே என்றார். ரயில்வே, துறைமுகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னின்றவர்கள் விசாரணையில்லாமல் சிறைக்குப் போனார்கள். 1966-இல் அவர் வெளிநாடு போயிருந்த வேளையில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1972-இல் ருமேனியாவில் காலமானார்.

இப்போது நம்ம பேராக்குக்கு வருவோம். சுங்கை சிப்புட்டில் 1919-இல் பிறந்தவர் வீ.தி.சம்பந்தன். ரப்பர் தோட்டம் வைத்திருந்த வீட்டுப் பிள்ளை, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1955-இல் ம.இ.கா. தலைவரானார், தொழில் அமைச்சரும் ஆனார். அது வரை ஆங்கிலம் பேசிய பட்டணத்து ஆட்களின் கையில் இருந்த கட்சிக்குள் தோட்டத்து ஜனங்கள் நுழைந்தது இவர் காலத்தில்தான்.

சுதந்திரம் வந்ததும் வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பல் ஏறினார்கள். வாங்கியவன் கூறு போட்டு விற்றான். துண்டாடல், துண்டாடல் என்று அந்நாளில் எங்கும் இதே பேச்சு. வேலை போச்சு, லயத்து வீடு போச்சு, கோயிலும் தமிழ்ப்பள்ளியும் அந்தரத்தில் நின்றன. 1951 முதல் 1960 வரை நடந்த இந்தக் கூத்தைப் பேராசிரியர் உங்கு அசிஸ் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

சம்பந்தன் என்ன செய்தார்? 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி கொடுங்கள், விற்கிற தோட்டத்தை நாமே வாங்குவோம் என்றார். அன்றைய நாள் சம்பளத்துக்குப் பத்து வெள்ளி சின்னக் காசா? அரிசிக் கடனும் சீட்டுக் காசும் போக மிஞ்சியதில் கொடுத்தார்கள். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் கைக்கு வந்தது. பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. கானாவில் பிடித்த காசுக்கும் இங்கே கேட்டு வாங்கிய காசுக்கும் உள்ள வேற்றுமையைப் பாருங்கள். அங்கே தொழிலாளி வரி கட்டினான். இங்கே பங்குக்காரன் ஆனான்.

குறை இல்லையா? உண்டு. சங்கம் வாங்கியதைவிட துண்டாகிப் போனது எத்தனையோ மடங்கு. 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் என்று வந்தபோது, பால் வெட்டியே பிழைத்த பல்லாயிரம் பேர் தமிழ்நாட்டுக்குக் கப்பல் ஏறினார்கள். அமைச்சரவையில் இருந்தவரால் அதைத் தடுக்க முடியவில்லை. நம் பெரியவர்கள் இதைச் சொல்லிக் குறைபடுவது நியாயம்தான். 1973-இல் உட்கட்சிப் பூசலில் தலைமையை மாணிக்கவாசகத்திடம் விட்டு விலகினார். 1979-இல் மறைந்தார்.

பேராக்கில் பழைய பால்மரத் தோட்டங்கள் பல இன்று செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்டன. சங்கம் மட்டும் இருக்கிறது. தாத்தா பாட்டி டிரங்குப் பெட்டியில் பழைய பங்குப் பத்திரமோ பாஸ்புத்தகமோ கிடந்தால், குப்பை என்று எரித்துவிடாதீர்கள். இறப்புச் சான்றிதழோடு எடுத்துப்போய், வாரிசு பெயருக்கு மாற்ற என்ன வேண்டும் என்று சங்க அலுவலகத்தில் கேளுங்கள்.